வாளிக்குள் பொடிமீன் ஏன் சாகிறது? உயிர் இரை வாங்கிக் காப்பதற்கு ஓர் ஆரம்பப் பாடம்

முதன்முதலாக நான் உயிர் இரை வாங்கியது சென்னை கொளத்தூரில். தெருவுக்குத் தெரு வண்ண மீன் கடைகள் இருக்கும் இடம். மறுநாள் செங்கல்பட்டுப் பக்கம் ஓர் ஏரியில் விராலுக்குத் தூண்டில் போடுவதாக நண்பனோடு பேசி வைத்திருந்தேன். ஒரு கடைக்குள் நுழைந்து, “இருக்கறதுலயே விலை கம்மியா நாப்பது மோலி குடுங்கண்ணா” என்றேன்.

“எத்தனை நேரம் தாங்கணும் தம்பி?”

“நாளைக்குக் காலைல வரைக்கும் இருந்தா போதும்ணா.”

“தாராளமா தாங்கும்.”

பாலித்தீன் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், அதில் நாற்பது மீன், மீதி இடம் முழுக்க சிலிண்டரிலிருந்து ஆக்சிஜன், மேலே இறுக்கி ரப்பர் பேண்டு. அவர் சொன்னதும் பொய்யில்லை. அந்தப் பையை அப்படியே ஒரு மூலையில் வைத்திருந்தால் காலை வரை தாங்கியிருக்கும். நான்தான் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் பையைப் பிரித்து, குழாயில் அப்போதுதான் பிடித்த ஒரு வாளித் தண்ணீரில் மொத்தத்தையும் கொட்டினேன். பாவம், பைக்குள் நெருக்கியடித்துக் கிடக்கிறதே என்ற இரக்கம். விடியற்காலை நாலு மணிக்கு விளக்கைப் போட்டுப் பார்த்தால் முப்பத்தேழு மீன் வயிற்றைக் காட்டி மிதந்தன. மீதி மூன்றும் வண்டியில் போகிற வழியிலேயே போய்ச் சேர்ந்தன. அன்று விராலைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. கரையில் மண்புழு தோண்டி நாலு ஜிலேபிக் கெண்டை பிடித்துக்கொண்டு திரும்பினோம்.

அந்த நாற்பது மோலிக்கும் என்ன நடந்தது என்பது புரிந்தால் உயிர் இரை விஷயத்தில் முக்கால்வாசி புரிந்த மாதிரிதான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அதற்கு முன் ஒரு வார்த்தை. எல்லா மீனுக்கும் உயிர் இரை தேவையில்லை. கெளுத்திக்கு கோழிக்குடல் போதும், ஜிலேபிக்கு மைதா உருண்டையே போதும். அவை மோப்பம் பிடித்து வருகிறவை. விரால், கொடுவா, வாளை போன்ற வேட்டை மீன்கள் வேறு ரகம். தண்ணீரில் ஒன்று துடிக்கிறது, திணறி ஓடுகிறது என்பதைக் கண்ணாலும் உடம்பின் பக்கவாட்டில் ஓடும் உணர்வுக் கோட்டாலும் அறிந்து பாய்கிறவை. செத்த இரையைப் போட்டால் விரால் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டு, பெரும்பாலும் அப்படியே திரும்பிப் போய்விடும். ஆகவே உயிரோடு இருந்தால் மட்டும் போதாது, துள்ளலோடும் இருக்க வேண்டும். வாளியில் மயங்கிக் கிடந்து, முள்ளில் கோத்ததும் சாய்ந்துவிடும் மீனும் செத்த மீனும் ஒன்றுதான்.

ஒரு வாளித் தண்ணீரில் எவ்வளவு மூச்சு இருக்கிறது?

நாம் இழுக்கும் காற்றில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 270 மில்லிகிராம் ஆக்சிஜன் உண்டு. 30 டிகிரி சூட்டில் இருக்கும் தண்ணீரில், கரையக்கூடிய அளவு முழுதும் கரைந்திருந்தாலும், லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான். முப்பத்தைந்து மடங்குக்கு மேல் வித்தியாசம். மீனின் செவுள் எத்தனை திறமையானது என்பதும் இதிலிருந்தே தெரியும், நாம் அதை எத்தனை எளிதாகக் கொன்றுவிட முடியும் என்பதும் தெரியும்.

இப்போது என் வாளிக்கு வருவோம். பத்து லிட்டர் தண்ணீர், அதாவது மொத்தம் 75 மில்லிகிராம் ஆக்சிஜன். மீன் ஒன்று ஐந்து கிராம் என்று வைத்தால் நாற்பது மீன் 200 கிராம். சின்ன மீன்கள் உடல் எடைக்குப் பெரிய மீன்களைவிட அதிகமாக மூச்சு விடும். நம் ஊர்ச் சூட்டில், பயந்து ஓடிக்கொண்டிருக்கும் பொடிமீன், கிலோவுக்கு மணிக்கு 400 மில்லிகிராம் இழுக்கிறது என்று தோராயமாகக் கொள்ளலாம். அப்படியானால் என் நாற்பதும் சேர்ந்து மணிக்கு 80 மில்லிகிராம். இருப்பே 75தான். இருப்பில் பாதி தீர்ந்த உடனேயே மீன் திணறத் தொடங்கிவிடும், அதாவது அரை மணி நேரத்துக்குள். தண்ணீரின் மேல்பரப்பு வழியாகக் காற்றிலிருந்து கொஞ்சம் கரைந்துகொண்டே இருக்கும் என்பதால்தான் அவை சில மணி நேரமாவது தாக்குப்பிடித்தன. மோலி, கப்பி மாதிரி மீன்களுக்கு இன்னொரு சாமர்த்தியமும் உண்டு. தண்ணீரின் மேல்தோலில் வாயை ஒட்டி, அந்த மெல்லிய படலத்தில் புதிதாகக் கரையும் ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும். வாளியில் மீன்கள் மேலே வந்து வாயை வாயைத் திறக்கிறதென்றால் பசி என்று எண்ணிப் பொரி போடாதீர்கள். அது மூச்சுக்குத் தவிக்கிறது.

அதே வாளியில் பத்தே மீன் போட்டிருந்தால் மணிக்கு 20 மில்லிகிராம் செலவு. மேல்பரப்பில் கரைவதே அதில் பெரும் பங்கை ஈடுகட்டியிருக்கும். பம்ப் எதுவும் இல்லாமலே வண்டியை ஓட்டிப் போய்ச் சேர்ந்திருக்கலாம். உண்மையில் ஒரு காலை நேரத் தூண்டிலுக்குப் பத்துப் பன்னிரண்டு இரைக்கு மேல் யாருக்கும் செலவாவதில்லை. ஆனால் மலிவாகக் கிடைக்கிறதே, வழியில் கொஞ்சம் செத்தாலும் மிச்சம் இருக்குமே என்று முப்பது நாற்பது வாங்குகிறோம். அப்படிக் கூடுதலாக வாங்கியதுதான் எல்லாவற்றையும் சாகடிக்கிறது. எனக்குத் தெரிந்து புதிதாக வருகிறவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் செய்யும் தப்பு இதுதான். அதனால்தான் பம்பைப் பற்றிச் சொல்வதற்கு முன்பே எண்ணிக்கையைப் பற்றிச் சொல்கிறேன்.

பாத்திரத்தின் வடிவமும் கணக்கில் வரும். பத்து லிட்டரை உயரமான குறுகிய குடத்தில் வைப்பதும் அகலமான அன்னக்கூடையில் வைப்பதும் ஒன்றல்ல. காற்று தொடும் பரப்பு கூடினால் கரைவதும் கூடும். மூலைகள் இல்லாத வட்டப் பாத்திரம் நல்லது. மடவைக் குஞ்சு மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும் மீன்கள் சதுரப் பெட்டியின் மூலையில் போய் முட்டி மூக்கை உடைத்துக்கொள்ளும்.

சூடு செய்யும் இரட்டைக் கேடு

தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம், 25-இல் 8.3, 30-இல் 7.5, 35-இல் 6.9. பார்க்கச் சின்ன வித்தியாசமாகத்தான் தெரியும். ஆனால் மீனின் உடம்புச் சூடும் தண்ணீரோடு சேர்ந்து ஏறுகிறதே. பத்து டிகிரி கூடினால் அதன் ஆக்சிஜன் தேவை ஏறக்குறைய இரண்டு மடங்காகும். வரவு குறையும்போதே செலவு கூடுகிறது. பைக்கில் பெட்ரோல் டேங்க் மேல் பையை வைத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறும். கீழே எஞ்சின் சூடு, மேலே வெயில்.

நான் இப்போது செய்வது இது. மீன் பெட்டியாக ஒரு பழைய தெர்மோகோல் பெட்டி. மீன் மார்க்கெட்டில் ஐஸ் போட்டு மீன் வரும் அதே பெட்டிதான். முந்தின இரவு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் முக்கால்வாசி நிரப்பி, மூடியை இறுக்கி ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். காலையில் அந்தப் பாட்டிலை அப்படியே பெட்டித் தண்ணீருக்குள் மிதக்க விடுவேன். ஐஸ் கட்டியை நேரடியாகப் போடுவதில்லை. அது எந்தத் தண்ணீரில் உறைந்ததோ அதில் உள்ள குளோரின் கலந்துவிடும், தண்ணீரின் சூடும் சட்டென்று இறங்கிவிடும். 32 டிகிரியில் இருந்த மீனைத் திடீரென்று 22-க்குக் கொண்டுபோனால் அதிர்ச்சியிலேயே சாயும். மெல்ல மெல்ல 25, 26-க்கு வந்தால் போதும். குளிர்ச்சியில் மீன் அடங்கி நிற்கும், மூச்சு குறையும், கழிவும் குறையும்.

கண்ணுக்குத் தெரியாத விஷங்கள் இரண்டு

ஒன்று குளோரின். குடிநீரில் கிருமி வராமலிருக்கக் குழாய் முனையில்கூட லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தரநிர்ணயம். நமக்கு அது பாதுகாப்பு. மீனுக்கோ செவுளை அரிக்கும் விஷம். என் வாளியில் முதலில் வேலை செய்தது இதுவாகத்தான் இருக்கும். வாயகன்ற பாத்திரத்தில் ஒரு பகல் வெயிலில் வைத்தால் குளோரின் பறந்துவிடும். அவசரமென்றால் வண்ண மீன் கடையில் ஆன்ட்டி குளோரின் என்று கேளுங்கள். சில சொட்டு விட்டுக் கலக்கினால் அடுத்த நிமிடமே தண்ணீர் தயார்.

போர் தண்ணீர் என்றால் குளோரின் இல்லை என்று நிம்மதியாக இருக்க முடியாது. ஆழத்திலிருந்து வரும் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாகவும் கரியமில வாயு அதிகமாகவும் இருக்கும். பம்ப் போட்டோ, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு உயரத்திலிருந்து ஆற்றியோ காற்றேற்றி, சில மணி நேரம் விட்ட பிறகே மீனை விட வேண்டும். டீக்கடையில் டீ ஆற்றுவது போலத்தான். மதுரைப் பக்கச் சந்தைகளில் அயிரை மீனை உயிரோடு விற்பவர்களைக் கவனித்துப் பாருங்கள். சொம்பில் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே வியாபாரம் பேசுவார்கள். அந்தச் சொம்புதான் அவர்களுடைய ஏர் பம்ப்.

இரண்டாவது அமோனியா. மீனின் செவுள் வழியாகவும் கழிவு வழியாகவும் வெளியேறுவது. நல்ல ஏரியில் அது கரைந்து காணாமல் போகும். வாளியில் தேங்கும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அமோனியா இரண்டு உருவத்தில் இருக்கும்; ஒன்று அவ்வளவாகத் தீங்கு செய்யாதது, மற்றது கொடிய விஷம். தண்ணீர் புளிப்புப் பக்கமா காரப் பக்கமா என்பதைக் காட்டும் பி.எச். அளவு 7 என்றால் நூற்றில் ஒரு பங்குகூட விஷ உருவத்தில் இருக்காது. 8-க்கு ஏறினால் ஏறக்குறைய பத்து மடங்காகிவிடும். கட்டிய பைக்குள் மீன் விட்ட மூச்சால் கரியமில வாயு சேர்ந்து தண்ணீர் சற்றுப் புளிப்புப் பக்கம் சாய்ந்திருக்கும். அதனால் அமோனியா இருந்தும் அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்த மறுநிமிடம் கரியமில வாயு பறக்கும், பி.எச். ஏறும், அடங்கிக் கிடந்தது சீறும். வெளியூரிலிருந்து பல மணி நேரம் பயணப்பட்டு வந்த பையைத் திறந்து வைத்துக்கொண்டு, பழகட்டும் என்று அரை மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுவது இந்தக் காரணத்தால் நல்லதல்ல. கட்டிய பையைக் கட்டியபடியே புதுத் தண்ணீரில் பதினைந்து இருபது நிமிடம் மிதக்க விட்டுச் சூட்டைச் சமமாக்குங்கள். பிறகு திறந்து, மீனை வலையால் எடுத்து மாற்றிவிட்டு, பைத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள். பக்கத்துத் தெருக் கடையில் வாங்கி அரை மணியில் வந்த பை என்றால் இத்தனை பயம் வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கலந்தே விடலாம்.

ஏரிக்கரையில் அமோனியாவை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். பெட்டித் தண்ணீரின் மேல் சோப்பு நுரை மாதிரி கலையாமல் நிற்கும் நுரை வந்தால் சளியும் கழிவும் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள். மொத்தத்தையும் ஒரேயடியாக மாற்ற வேண்டாம்.

இன்னும் சில விஷங்களை நாமே கொண்டுவந்து சேர்க்கிறோம். துணி துவைத்த வாளியின் சோப்பு. கையில் தடவிய கொசு மருந்து. பித்தளை, செம்புப் பாத்திரங்கள். செம்பு மீனுக்கு ஆகாது, இறாலுக்கு அறவே ஆகாது. துத்தநாகப் பூச்சு பூசிய பக்கெட்டும் வேண்டாம். எல்லாவற்றிலும் மோசம் கொசுவத்தி. கொசு விரட்டிகளில் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்து நமக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது, மீனுக்கு மிகச் சிறிய அளவே போதும். அறையில் கொசுவத்தி ஏற்றிவிட்டு, அதே அறையில் ஏர் பம்பை ஓட விட்டால், பம்ப் அந்தப் புகையை இழுத்துத் தண்ணீருக்குள் ஊதிக்கொண்டிருக்கும். தொட்டியைக் கொல்லைப்புறத்துக்கோ மொட்டை மாடி நிழலுக்கோ மாற்றிவிடுங்கள்.

எந்த மீன், எங்கே வாங்குவது

எளிதில் சாகாத மீன் என்ற கணக்கில் பார்த்தால் முதலிடம் காற்றையே நேராகக் குடிக்கும் மீன்களுக்கு. கொரவை, பனையேறிக் கெண்டை, தேளி இவையெல்லாம் மேலே வந்து ஒரு வாய்க் காற்றைப் பிடித்துக்கொண்டு கீழே போகும். அயிரை வகையறாவும் தேவைப்பட்டால் காற்றை விழுங்கிக் குடல் வழியாக ஆக்சிஜன் எடுக்கும். விரால் அயிரையை விரும்பி எடுக்கும், ஆனால் அயிரை விலையைக் கேட்டால் அதை முள்ளில் கோக்க மனம் வராது, குழம்புக்குத்தான் கை போகும். மறக்கக்கூடாத ஒன்று: காற்றைக் குடிக்கும் மீனை விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி இறுக மூடினால் தண்ணீரிலேயே மூச்சு முட்டிச் சாகும். மேலே இடைவெளி வேண்டும்.

அடுத்தது ஜிலேபிக் குஞ்சு. எந்தத் தண்ணீரிலும் பிழைக்கும், உப்புநீரிலும் பிழைக்கும். அதனால் முகத்துவாரத்தில் கொடுவாவுக்குப் போடுகிறவர்கள் பலர் அதைத்தான் தேடுவார்கள். அதற்கடுத்து மோலி, கப்பி. அதற்குப் பின்னால்தான் ஏரியில் பிடித்த கெண்டைப் பொடி, கழிமுகத்து மடவைக் குஞ்சு. இவை வெள்ளியாக மின்னுவதால் இரையாக முதல் தரம், வைத்துக் காப்பதற்குக் கடைசித் தரம். கை பட்டால் செதில் கொட்டும். நெத்திலி வகையை வாளியில் காப்பாற்றலாம் என்று நினைக்கவே வேண்டாம்.

ஆனால் மனிதர்கள் அதையும் சாதித்திருக்கிறார்கள். மாலத்தீவிலும் நம் லட்சத்தீவின் மினிக்காயிலும் சூரை மீனைக் கழியால் தூக்கிப் பிடிக்கும் படகுகள் முதலில் காயலில் இப்படிப்பட்ட மெல்லிய பொடிமீன்களைப் பிடித்துக்கொண்டுதான் கடலுக்குப் போகும். அந்தப் படகின் நடுவில் ஒரு தொட்டி. படகின் அடியில் துளைகள். ஓட ஓடக் கடல்நீர் ஒரு பக்கம் நுழைந்து இன்னொரு பக்கம் வெளியேறிக்கொண்டே இருக்கும். சூரைக் கூட்டத்தைக் கண்டதும் பொடிமீனை உயிரோடு வாரி இறைப்பார்கள். நம் வீட்டில் சம்பலுக்கு இடிக்கும் மாசிக் கருவாடு அந்தச் சூரையிலிருந்து வந்ததுதான். நம் வாளியில் இல்லாதது அந்த ஓடும் நீர் ஒன்றுதான்.

அமெரிக்காவில் இரை மீன் வளர்ப்பே தனி விவசாயம். ஆர்கன்சாஸ் மாநிலம் அதற்குப் பேர் பெற்றது. இரைக் கடையில் டஜன் கணக்கில் எண்ணிப் போட்டுத் தருவார்கள். நமக்கு அப்படித் தனிக் கடை இல்லாததால் வண்ண மீன் கடை, உயிர் மீன் சந்தை, வீச்சு வலைக்காரர் மூவரில் ஒருவரைத்தான் நாட வேண்டும்.

கடையில் போனதும் உடனே எண்ணச் சொல்லாதீர்கள். தொட்டி முன்னால் இரண்டு நிமிடம் நில்லுங்கள். நல்ல மீன் துடுப்பை விரித்துக்கொண்டு நடுத்தண்ணீரில் நீந்தும். கண்ணாடியில் விரலை வைத்தால் விலகி ஓடும். துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டு மூலையில் ஆடிக்கொண்டு நிற்பது, மேலே வாய் பிளப்பது, உடம்பில் பஞ்சு மாதிரிப் பூஞ்சை, உப்பு தூவியது போல் வெண்புள்ளி, இவற்றில் எது தெரிந்தாலும் அந்தத் தொட்டியையே விட்டுவிடுங்கள். ‘அந்த மீனை விட்டுட்டு மத்ததைப் பிடிங்க’ என்று பேரம் பேசுவதில் பயனில்லை, தண்ணீர் ஒன்றுதானே.

“சரக்கு எப்பண்ணா வந்துச்சு?” என்று கேளுங்கள். இன்று காலை இறங்கியது என்றால் வேண்டாம். புதுச் சரக்கு நல்லது என்பது காய்கறிக்குப் பொருந்தும். பயணக் களைப்பில் சாக வேண்டியவை முதல் இரண்டு மூன்று நாளில் செத்துப்போகும். அதைத் தாண்டி நிற்பவைதான் தாங்கும் மீன்கள். முடிந்தால் முதல் நாளே சொல்லி வைத்து, தீனி போடாமல் வைக்கச் சொல்லுங்கள். வயிறு காலியான மீன் பையிலும் பெட்டியிலும் அசிங்கம் செய்யாது. நீங்களும் தீனி போட வேண்டாம். இரண்டு நாள் பட்டினியால் எந்த மீனும் சாகாது.

வீச்சு வலைக்காரரிடம் வாங்குவதானால் விடியலிலேயே போய்விடுங்கள், உங்கள் பாத்திரத்தைத் தண்ணீரோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வையுங்கள். வலையிலிருந்து நேராக உங்கள் தண்ணீருக்கு வர வேண்டும். மணலில் உதறிப் பொறுக்கிய மீன் அரை மணி நேரம் துள்ளும், பிறகு சாயும். அதன் மேல்சளி போய்விட்டது. அந்தச் சளிதான் அதற்குத் தோல், சட்டை எல்லாம். கையால் தொட்டே ஆக வேண்டுமென்றால் கையை நனைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் ஏரிகள் பெரும்பாலும் மீன் குத்தகைக்கு விடப்பட்டவை என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு, குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது மரியாதை, பாதுகாப்பும்கூட.

தவளையைப் பற்றிக் கேட்பீர்கள். விராலுக்குத் தவளை கோப்பது கிராமங்களில் பழைய வழக்கம். எனக்கு அதில் விருப்பமில்லை. வயலில் பூச்சியைத் தின்னும் பிராணி. அது குறைந்துவிடும் என்ற கவலையில்தான் 1987-இல் தவளைக்கால் ஏற்றுமதியை நாடே நிறுத்தியது. ரப்பர் தவளை இருக்கிறது, அதற்கும் விரால் பாயும்.

ஓர் இரவு, ஒரு காலை

வாங்கிய மீனை ஓர் இரவு வைத்திருக்க, துணிகூட அலசியிராத ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பும் சாதாரண ஏர் பம்பும் போதும். ஏர் ஸ்டோன், அதாவது பம்ப் குழாயின் முனையில் மாட்டும் குமிழிக் கல், அடியில் கிடக்கட்டும். பெரிய குமிழிகளிலிருந்து நேராகக் கரைவது கொஞ்சம்தான். அவை அடித்தண்ணீரை மேலே தள்ளிக்கொண்டு வந்து காற்றைத் தொட வைப்பதுதான் பெரிய வேலை. அதனால் மேல்பரப்பு அசைகிறதா என்று பாருங்கள், சத்தத்தைப் பார்க்காதீர்கள். மேலே கொசுவலைத் துணியைக் கட்டுங்கள், ராத்திரி துள்ளி வெளியே விழும். புதிதாகக் கட்டிய சிமெண்ட் தொட்டியில் விடாதீர்கள். சுண்ணாம்பு ஊறித் தண்ணீர் காரமாகிவிடும். வாழைத்தண்டைத் துண்டு போட்டு ஊறவைத்து, சில நாள் தண்ணீர் மாற்றி மாற்றிப் பழக்கிய பிறகே அது மீனுக்கு ஆகும்.

நன்னீர் மீன் என்றால் லிட்டருக்கு இரண்டு கிராம் கல்லுப்பு கரைத்து விடுவது என் வழக்கம். பத்து லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்று மேல். நன்னீர் மீனின் ரத்தத்தில் உப்பு அதிகம், வெளியே தண்ணீரில் குறைவு. அதனால் தண்ணீர் செவுள் வழியாக உடம்புக்குள் ஓயாமல் ஏறிக்கொண்டே இருக்கும். மீன் அதை வெளியே இறைத்துக்கொண்டே இருக்கும். வலையில் உரசிச் சளி போன மீனுக்கு அந்த இறைப்பு பெரும்பாடு. சிறிது உப்பு அந்தச் சுமையைக் குறைக்கிறது.

காலையில் கிளம்பும்போது பேட்டரி ஏர் பம்ப். ரீசார்ஜ் செய்வதும் கிடைக்கிறது, கட்டை பேட்டரி போடுவதும் கிடைக்கிறது. நான் கட்டை பேட்டரிக் கட்சி, ஏனென்றால் சார்ஜ் போட மறக்கிறவன் நான். பெட்டியை நிழலில் வையுங்கள். நிழல் நகரும் என்பதை மீன் கடிக்கிற மும்முரத்தில் எல்லோரும் மறந்துவிடுகிறோம். எட்டு மணிக்கு மர நிழலில் வைத்த பெட்டி பத்து மணிக்கு முழு வெயிலில் இருக்கும்.

முட்டுக்காடு, பழவேற்காடு போன்ற உப்பங்கழிகளுக்குப் போகிறவர்களுக்கு ஒரு கூடுதல் சங்கதி. அங்கே உப்பின் அளவு ஓதத்தோடு மாறும். இரையை எங்கே பிடித்தார்களோ அந்த இடத்துத் தண்ணீரிலேயே வைத்திருங்கள். உப்புநீரில் நன்னீரைவிட ஆக்சிஜன் குறைவாகவே கரையும், ஆகவே எண்ணிக்கையை இன்னும் குறையுங்கள். இறாலுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. செவுள் ஈரமாக இருக்கும் வரை தண்ணீருக்கு வெளியேயும் கொஞ்ச நேரம் உயிர் வாழும். கடல்நீரில் நனைத்த சாக்கில் அடுக்கி, கீழே சில்லென்ற பாட்டிலை வைத்தால் ஒரு மணி இரண்டு மணி நேரம் மொத்தமும் மீசையை ஆட்டிக்கொண்டிருக்கும். ஜப்பானில் விலை உயர்ந்த இறாலை இப்படித்தான் குளிர்ந்த மரத்தூளில் புதைத்து உயிரோடு அனுப்புவார்கள். ஒரு பெரியவர் என் பக்கெட்டில் செத்துக் கிடந்த இறாலைப் பார்த்துவிட்டு, “தண்ணியில போட்டுச் சாவடிச்சிட்டியே தம்பி” என்றார். முதலில் கிண்டல் என்று நினைத்தேன்.

முள்ளில் கோப்பதைப் பற்றிச் சுருக்கமாக: மேலுதட்டில் கோத்தால் மீன் இயல்பாக நீந்தும், இழுத்து இழுத்துப் போட ஏற்றது. தக்கையில் ஒரே இடத்தில் நிறுத்துவதானால் முதுகுத் துடுப்புக்குக் கீழே, தசையில் மேலாக, முதுகெலும்பில் படாமல். எலும்பில் பட்டால் அந்த நிமிடமே துள்ளல் போயிற்று. முள் இரைக்குத் தக்க சின்னதாக இருக்கட்டும். பெரிய முள்ளின் கனமே பொடிமீனை அமுக்கிவிடும்.

மிச்சம் இருந்தால்

தூண்டில் முடிந்தது, பெட்டியில் நாலு மோலி மிச்சம். ஏரியில் விட்டுவிடலாம், பிழைத்துப் போகட்டும் என்று தோன்றும். செய்யாதீர்கள். ஜிலேபிக் கெண்டையே நம் ஊர் மீனல்ல, 1952-இல் வெளியிலிருந்து கொண்டுவந்தது. இன்று அது இல்லாத ஏரி உண்டா? கண்ணாடித் தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கி, வளர்ந்ததும் தூக்கிப் போட்ட சக்கர் மீன் இப்போது வலையை வலையாகக் கிழித்துக்கொண்டிருக்கிறது. வலைக்காரர்களிடம் கேட்டால் அதை என்னவெல்லாம் திட்டுகிறார்கள் என்று தெரியும்.

தண்ணீரையும் ஏரியில் கொட்ட வேண்டாம். 1988-இல் வடகிழக்கு வழியாக இந்தியாவுக்குள் வந்த புண் நோய் சில ஆண்டுகளில் தெற்கு வரை பரவியது. பூஞ்சை போன்ற ஒரு நுண்ணுயிரால் வருவது, உடம்பெல்லாம் சிவந்த புண்ணாகும். விரால்தான் அதில் அதிகம் அடிபடும் இனங்களில் ஒன்று. அந்த நுண்ணுயிர் ஓர் ஏரியிலிருந்து இன்னோர் ஏரிக்குப் போக நோய்பட்ட இரண்டு மீனும் அரை வாளித் தண்ணீரும் போதும். எந்த விராலைத் தேடிப் போனோமோ அதற்கே நாம் நோயைக் கொண்டுபோய்க் கொடுத்த மாதிரி ஆகும்.

நான் தண்ணீரைக் கரைக்கு அந்தப் பக்கம், ஏரிக்கு வடியாத மேட்டில் ஊற்றிவிட்டு வருகிறேன். மிஞ்சிய மீன் வீட்டுக்கே திரும்பும். மொட்டை மாடியில் ஒரு டப்பில் இப்போது பதினொரு மோலி இருக்கிறது. அவற்றில் ஒன்று மூன்று தடவை ஏரிக்குப் போய்த் திரும்பியது. அதற்கு என் மகள் பெயர் வைத்துவிட்டதால் நாலாவது தடவை கூட்டிக்கொண்டு போக எனக்கு அனுமதி இல்லை.